வேண்டாவுக்குப் பின்னால் ஒரு ‘ம்’

வெங்கடேசன் அன்றைக்குச் சட்டையை மூன்று முறை மாற்றினான்.

முதலில் போட்டது வெள்ளை. கண்ணாடியில் பார்த்தால் டிரைவர் மாதிரி இருந்தது. கழற்றிவிட்டு நீலக் கட்டம் போட்டான். அது போட்டோ எடுக்க வருகிறவன் மாதிரி இருந்தது. கடைசியில் பழையபடி அந்த வெள்ளைக்கே வந்து சேர்ந்தான்.

“இன்னாத்துக்குய்யா இந்த அலங்காரம்? கூட்டம் எம்.எல்.ஏ.ங்களுக்கு. நீ வண்டி ஓட்டினு போற, வண்டி ஓட்டினு வரப்போற” என்றாள் பிரபா, தோசைத் திருப்பியும் கையுமாக.

பிரபா அவன் மனைவி. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிற வியாதி அவளுக்கு உண்டு. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் வெங்கடேசனால் அதற்கு மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

“நான் வெறும் டிரைவரா? அக்காவோட மொத்த ஆபீஸும் என் கையில கீது தெரியுமா?”

“கீது கீது. அந்த போன் அடிக்குது பாரு, மொதல்ல அத எடு. ஒனக்கில்ல, அவங்களுக்குத்தான்.”

இந்த வீட்டை இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிங்கப்பெருமாள் கோயில் என்கிற ஊரில் வெங்கடேசனின் அப்பா சுப்பிரமணிக்கு வரிசையாக மூன்று பெண்கள். நான்காவதும் பெண்ணாகவே வந்து விழுந்ததும், ‘போதும் சாமி, இனிமே பொண்ணு வேண்டா’ என்று, இந்தப் பக்கத்து வழக்கப்படி அந்தக் குழந்தைக்கு வேண்டா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வேலை செய்தது. இரண்டு வருஷத்தில் வெங்கடேசன் பிறந்தான். சுப்பிரமணி திருப்பதிக்கு நடந்தே போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் தினம் ஒரு முட்டை வேகும், அது வெங்கடேசனுக்கு. வேண்டாவுக்கு அக்காமார் மூன்று பேரும் போட்டுக் கழித்த பாவாடை.

அந்த வேண்டாதான் ஏழு மாதமாகச் சட்டமன்ற உறுப்பினர். தவமிருந்து பெற்ற வெங்கடேசன் அவளுக்கு உதவியாளர், டிரைவர், செல்போன் தாங்கி.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? பதினெட்டு வயதில் கட்சியில் சேர்ந்து, பசை வாளி தூக்கி, கொடிக்கம்பம் நட்டு, பதின்மூன்று வருஷம் உழைத்தவன் அவன். வேண்டாவோ செல்போன் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. கூட்டாளிப் பெண்களை வேலையைவிட்டு அனுப்பியதற்காக கேட் முன்னால் நான்கு நாள் உட்கார்ந்தவள், அவ்வளவுதான். ஒரு பொதுக்கூட்டத்தில் பேச வேண்டிய அம்மாள் வராமல் போக, மேடையைச் சமாளிக்க அக்காவை ஏற்றிவிட்டவனே இவன். அவள் பத்து நிமிஷம் பேசினாள். இவனுடைய பதின்மூன்று வருஷத்துக்குக் கிடைக்காத சீட்டு அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கிடைத்தது.

போன வாரம் அவன் ஒரு திருட்டு வேலையும் செய்து மாட்டிக்கொண்டான். முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட எம்.எல்.ஏ.க்கள் இருபத்தொரு பேர், கட்சி பேதம் பார்க்காமல், இளைஞர் பிரச்சினைகளுக்காக ஓர் அணி தொடங்குகிறார்கள் என்று வந்த அழைப்பை இரண்டு நாள் அக்காவிடம் சொல்லாமலே வைத்திருந்தான். “மறந்துட்டேன்க்கா” என்றான். வேண்டா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு கடுப்பு வந்திருக்காது.

இன்றைக்கு அந்தக் கூட்டம். இடம் மாமல்லபுரம்.

செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பும்வரை வேண்டா போனில்தான் இருந்தாள். முன் சீட்டில்தான் உட்காருவாள், பின் சீட்டில் ஏறுவதில்லை. “அக்கா ரொம்ப எளிமைப்பா” என்று அதற்கும் ஊரில் ஒரு பாராட்டு உண்டு.

போனை வைத்துவிட்டு அவளே பேச ஆரம்பித்தாள்.

“என் பழைய கம்பெனி ஹாஸ்டல்லருந்து பூங்கொடிடா. நாப்பது பொண்ணுங்களுக்கு இந்த மாசத்தோட பதினோரு மாசம் முடியுதாம். வூட்டுக்கு அனுப்பிடுவானுங்க. அப்புறம் வேற நாப்பது பேரப் புதுசா எடுப்பானுங்க. எந்தப் பொண்ணும் ஒரு வருஷம் முழுசா வேல பார்த்ததா எங்கயுமே இருக்காது, இருந்தா நிரந்தரமாக்கணுமே.”

“அதுக்கு இந்தக் கூட்டத்துல இன்னா பண்ண முடியும்?”

“வர்ற சட்டசபையில இருபத்தொரு பேரும் ஒரே விஷயத்த எடுத்துப் பேசப் போறோம். எந்த விஷயம்னு ஒருங்கிணைப்பாளரா வர்றவங்கதான் முடிவு பண்ணணும். நான் தனியாக் கத்தனா ஒரு வரி நியூஸு. இருபத்தொரு பேர், அஞ்சு கட்சி, சேர்ந்து எழுந்து நின்னா மந்திரி பதில் சொல்லித்தான் ஆவணும்.”

வெங்கடேசன் கியரை மாற்றினான். “அப்போ நீயே ஒருங்கிணைப்பாளரா வரணும்னு ஆச கீதா?”

“எனக்கு எதுக்குடா அதெல்லாம்? எனக்கு ஒண்ணும் வேண்டாம். யாரு வந்தாலும் கெஞ்சிக் கூத்தாடி இத எடுக்க வெச்சா போதும்.”

அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது. அன்று காலையில் அவனுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

கடலைப் பார்த்த ஓட்டல். வாசலில் டிவிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். வரவேற்பு மேசையில் ஒரு பெண் வேண்டாவுக்குப் பச்சைப் பட்டையில் ‘உறுப்பினர்’ அட்டை மாட்டினாள். வெங்கடேசனுக்கு மஞ்சள் பட்டை. அதில் பெயர்கூட இல்லை. ‘உதவியாளர்’ என்று மட்டும் இருந்தது.

உதவியாளர்களைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். டீ, சமோசா, ஏசி எல்லாம் இருந்தது. ஆனால் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது, அதுதான் வம்பு. உள்ளே வேண்டா பேசுவது கேட்டது. நடுவில் என்னவோ சொன்னாள், இருபது பேரும் சிரித்தார்கள். பிறகு கையும் தட்டினார்கள். வெங்கடேசன் சமோசாவைப் பாதியிலேயே வைத்துவிட்டான். அந்தப் பச்சைப் பட்டை என் கழுத்துக்கு வர வேண்டியது என்று நினைத்தான். ஏழு மாதத்தில் இதை எத்தனை தரம் நினைத்தானோ, அவனுக்கே கணக்கில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு சௌகத் அலி வந்தார். முட்டுக்காட்டுக்காரர். சட்டசபை அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முறை தவறாமல் எல்லாம் நடக்க வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“வேண்டா அம்மாவோட தம்பி யாருங்க? ஒருங்கிணைப்பாளர் தேர்தல், ஓட்டு எண்ண ஒரு ஆள் வேணும். வாங்க.”

“நானா பாய்? அக்காவும் நிக்கிறாங்களா?”

“பேரைச் சொன்னாங்க, அம்மா வேண்டாம்னு சொல்லலை. போட்டியில ரெண்டே பேர். பெஞ்சமின் ஒருத்தர், உங்க அக்கா ஒருத்தர். உங்களை வெச்சு எண்ணச் சொன்னதே பெஞ்சமின்தான்.”

பெஞ்சமின் தெற்கத்திக் கடலோரத்துத் தொகுதிக்காரர், வக்கீல். வெங்கடேசன் உள்ளே போனதும் எழுந்து வந்து கை கொடுத்தார். “அக்கா ஜெயிச்சாலும் தம்பி எண்ணினா நான் நம்புவேன்” என்று சிரித்தார். வேண்டாவும் சிரித்தாள். ஆளாளுக்கு இப்படி நம்பினால் மனுஷனுக்கு எரிச்சல் வராதா?

இரண்டு பெயர்களில் ஒன்றை எழுதலாம். தலைவர் என்று ஒருவரே வேண்டாம் என்று நினைப்பவர்கள் ‘வேண்டாம்’ என்று எழுதலாம். இதைச் சொல்லிவிட்டுச் சௌகத் அலி சற்று நிறுத்தினார்.

“ஒரு விஷயம் பாருங்க. ‘ம்’ இருந்தா யாருமே வேண்டாம். ‘ம்’ இல்லேன்னா வேண்டா அம்மா. பார்த்து எழுதுங்க.”

மண்டபம் குலுங்கியது. அங்கிருந்தவர்களிலேயே இளையவளான அர்வா, “பாய், ‘ம்’ல புள்ளி வைக்கலேன்னா யாருக்கு?” என்று கேட்க, மறுபடியும் சிரிப்பு. ஓட்டல் மேசையில் வைத்திருந்த குட்டிப் பென்சில்களால் எல்லோரும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, டீ குடிக்கப் புல்வெளிக்குப் போனார்கள்.

“ஒவ்வொண்ணாப் பிரிங்க தம்பி. மூலையில பேனாவால ஒரு டிக் போடுங்க, ரெண்டு தரம் எண்ணாம இருக்க. மூணு கட்டாப் பிரிச்சு வைங்க. சாப்பாடு எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டு இதோ வந்துடறேன்” என்று சௌகத் அலியும் வெளியே போனார்.

வெங்கடேசன் தனியாக உட்கார்ந்து பிரித்தான்.

பெஞ்சமின். டிக். வேண்டா. டிக். வேண்டா. பெஞ்சமின். வேண்டாம். வேண்டா என்று வந்தபோதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்றது, ஆனாலும் பொறுத்துக்கொண்டான். இருபது சீட்டு முடிந்தபோது பெஞ்சமினுக்கு ஒன்பது, வேண்டாவுக்கு ஒன்பது, வேண்டாம் இரண்டு. பாக்கி ஒரே ஒரு சீட்டு.

அதைப் பிரித்தான். வேண்டா.

வே-யின் கொம்பைப் பெரிதாகச் சுழித்து, மற்ற எழுத்துக்களை நெருக்கி நெருக்கி எழுதிய கை. அந்தக் கையை அவனுக்குத் தெரியாதா? அவன் விரலைப் பிடித்து ‘அ’ எழுதப் பழக்கியதே அந்தக் கைதான்.

எனக்கு ஒண்ணும் வேண்டாம் என்றாளே காலையில்! அவ்வளவும் வேஷமா? தன் பெயரைத் தானே எழுதிப் போட்டுக்கொண்டு வெளியே டீ குடிக்கிறாளா? எம்.எல்.ஏ. ஆனது போதாதா, இருபத்தொரு எம்.எல்.ஏ.வுக்கும் மேலே உட்கார வேண்டுமா?

பொறாமைக்கு அந்த நிமிஷத்தில் கண்மண் தெரியவில்லை. மூலையில் டிக் போட வேண்டிய பேனா, பெயருக்குப் பக்கத்தில் போய் ஒரு ‘ம்’ போட்டது. புள்ளியும் வைத்தது. அப்புறம்தான் டிக் போட்டான். சீட்டை ‘வேண்டாம்’ கட்டின் மேல் வைத்தான்.

வைத்த பிறகுதான் கவனித்தான். பெயர் பென்சிலில் இருந்தது. ‘ம்’ மட்டும் நீல மையில் பளிச்சென்று தெரிந்தது.

அழிக்க நேரமில்லை. எல்லோரும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். சௌகத் அலி ஒவ்வொரு கட்டையும் விரலால் தட்டித் தட்டி எண்ணினார்.

“பெஞ்சமின் ஒன்பது. வேண்டா அம்மா ஒன்பது. வேண்டாம், மூணு. சமமா வந்திருக்கு. சமம்னா ஒரு முறை இருக்குங்க. எல்லாச் சீட்டையும் மேசை மேல பரப்பி, எல்லாரும் பார்க்க, திரும்ப ஒரு தடவை படிக்கணும்.”

வெங்கடேசன் திரும்பிப் பார்த்தான். வாசலில் டிவிக்காரர்கள். ‘அக்கா ஓட்டைத் திருடிய தம்பி’ என்று மாலைக்குள் ஊர் சிரிக்கும். அவனை மட்டுமா? முதல் நாளே கள்ள ஓட்டு என்று இந்த இருபத்தொரு பேரையும் சேர்த்துச் சிரிக்கும்.

“யாருப்பா அந்த மூணு பேரு? தலைவரே வேண்டாம்ன்றவங்க?” என்று சிரித்துக்கொண்டே வேண்டா மேசைக்கு வந்தாள். சின்னக் கட்டின் மேலிருந்த சீட்டைப் பார்த்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. சீட்டைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பரப்பலாமாம்மா?” என்றார் சௌகத் அலி.

“வேண்டாம் பாய்” என்றாள். சீட்டை எடுத்துக் கைக்குள் மடித்துக்கொண்டாள். “இது என்னோட சீட்டு. நான்தான் எழுதினேன். திரும்பப் படிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

“அக்கா, நீங்களே வேண்டாம்னு எழுதினீங்களா?” என்றாள் அர்வா.

வேண்டா ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். பிறகு பேசினாள். அந்தப் பேச்சை அந்த நிமிஷத்தில்தான் அவள் கண்டுபிடிக்கிறாள் என்பது வெங்கடேசனுக்கு மட்டும்தான் தெரியும்.

“ஆமா. ஒருத்தர் மேல உக்காந்தா மத்த இருபது பேருக்கும் உள்ளுக்குள்ள எரியும். எரியாதுன்னு பொய் சொல்லக் கூடாது. நல்லவங்களுக்கும் எரியும், கூடப் பொறந்தவங்களுக்கும் எரியும். அதனால யாருக்கும் நிரந்தரமா வேண்டாம். நாலு மாசத்துக்கு ஒருத்தர். பேரோட அகர வரிசைப்படி வரட்டும். அவங்கவங்க முறையில அவங்கவங்க விஷயத்த எடுக்கட்டும்.”

பெஞ்சமின்தான் முதலில் கை தட்டினார். ஐந்து நிமிஷத்தில் ஒருமனதாக முடிந்தது. பெயர் வரிசையில் முதல் ஆள் அர்வா. தேர்வு எழுதிவிட்டு வருஷக்கணக்கில் முடிவு வராமல் காத்துக்கிடக்கிற பிள்ளைகளின் விஷயத்தை எடுக்கப்போவதாக அவள் அங்கேயே அறிவித்தாள். நியாயமான விஷயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

வாசலில் மைக்குகள் அர்வாவைத் தாண்டி வேண்டாவிடம் நீண்டன. ‘பதவி வேண்டாம் என்றார் வேண்டா’ என்று ஒரு டிவியில் அப்போதே எழுத்து ஓடியது. வெங்கடேசனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கூடவே, இந்த நல்ல பெயரும் இவளுக்கே போய்ச் சேர்ந்ததே என்ற எரிச்சலும் இருந்தது. அப்படி ஒரு எரிச்சல் வந்ததை நினைத்துத் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

திரும்பும்போது வேண்டா பின் சீட்டில் ஏறினாள்.

கார் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. வெங்கடேசன் பையிலிருந்த அவளுடைய போன் அடித்தது. சௌகத் அலி.

“ஸ்பீக்கர்ல போடு” என்றாள் வேண்டா.

“அம்மா, கவர்ல வெச்சு அரக்கு வைக்கலாம்னு எடுத்தா இருபது சீட்டுதான் இருக்கு. ஒண்ணு குறையுது.”

“என்கிட்டதான் கீது பாய். திங்கக்கிழமை ஒங்க வூட்டுக்கு அனுப்பறேன்.”

“யார்கிட்டம்மா குடுத்தனுப்பறீங்க?”

“என் தம்பிகிட்டதான். அவனே நேர்ல கொண்டாந்து குடுப்பான்.”

போன் அணைந்தது. வெங்கடேசன் காரைப் புளிய மரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினான்.

“அவர் கண்ணாடியப் போட்டுக்கினு பார்ப்பாருக்கா. பென்சிலு, பேனா…”

“பார்க்கட்டும். அவர்கிட்ட இன்னா சொல்றதுன்னு நீயே யோசிச்சிக்கோ. நான் இன்னிக்கு ஒரு பொய் சொல்லிட்டேன், அதுக்கு மேல எனக்குத் தெம்பில்ல.” மடித்த சீட்டை முன் சீட்டுக்கு நீட்டினாள். அவன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான்.

“என் முறை எப்ப வரும்னு பார்த்தியா?” என்றாள். “வே கடைசி. இருபத்தியோராவது ஆளு. நாலு நாலு மாசமாப் போனா இந்தச் சட்டசபையே கலைஞ்சிடும், என் முறை வராது. பூங்கொடிக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

அவனுக்கு அழுகைதான் வந்தது. முப்பத்தொரு வயது ஆம்பிளை, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“எல்லாரும் ஒன்ன வேணும்னு எழுதனதக்கூடத் தாங்கிக்கினேன்க்கா. சத்தியமா. ஒன் கையெழுத்தப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி பிசகிடுச்சு. காலைல எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொன்ன. அங்க வந்து ஒன் பேர நீயே எழுதினு கீற. இது இன்னா நடிப்புன்னு…”

“நடிப்பு இல்லடா. பழக்கம்” என்றாள் வேண்டா. குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. “யாராவது எது கேட்டாலும் எனக்கு வேண்டாம்னுதான் வாயில வரும். முட்டைக்கும் அப்படித்தான் சொன்னேன், புதுப் பாவாடைக்கும் அப்படித்தான் சொன்னேன். இன்னிக்கு அந்தப் பென்சில எடுத்துக்கினு எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா? எல்லாரும் போட்டுட்டுப் போயிட்டாங்க, நான்தான் கடைசி.”

லாரி ஒன்று காரை உரசுகிற மாதிரிக் கடந்து போனது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பெத்தவங்க வேண்டாம்னு சொல்லி வெச்ச பேருடா அது. வேணும்னு நெனச்சு நானே அத எழுதனது, முப்பத்தி மூணு வருஷத்துல இன்னிக்கு ஒரு வாட்டிதான்.”